இரண்டு சிலிண்டர், இரண்டு கார்ப்பு, ஒரு கசிவு: ராஜ்தூத் 350 ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி 1980-களின் நடுவில் வந்த ராஜ்தூத் 350. உரிமையாளர் சொன்ன குறைகள்: ஐடிலிங் நிற்பதில்லை. சிக்னலில் ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முதல், இரண்டாம் கியரில் மெதுவாகப் போனால் வண்டி உதறுகிறது. கை முறுக்கி விட்ட பிறகு சத்தம் உடனே இறங்காமல் கொஞ்ச நேரம் மேலேயே நின்று, பிறகுதான் இறங்குகிறது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் ஓரளவு நன்றாகவே ஓடுகிறது.

வருவதற்கு முன் இரண்டு மூன்று பட்டறைகளில் காட்டியிருந்தார்கள். எல்லாரும் கார்புரேட்டரைத்தான் கழற்றியிருக்கிறார்கள். துடைத்து, ஜெட் (பெட்ரோலை அளந்துவிடும் சிறு துளை) மாற்றி, காதால் கேட்டு இரண்டையும் சமன் செய்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடும், மறுபடி அதே கதை. அதனால் உரிமையாளரும் கார்ப்பு வேலை என்றே முடிவு செய்து வந்திருந்தார்.

“சிங்க் மட்டும் சரியாப் பண்ணிக் குடுத்தாப் போதுங்ணா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்குது.”

“பண்ணிரலாங் தம்பி. அதுக்கு முன்னாடி கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பாத்தர்லாம்.”

முதலில் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்; பிறகுதான் சிங்க். இந்த ஆய்வு முழுக்க அந்த வரிசையைப் பற்றியதுதான். சிங்க் என்பது இரண்டு சிலிண்டருக்கும் ஒரே அளவு காற்றும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் போகும்படி செய்வது. வாங்கிக்கொள்ளும் இரண்டு சிலிண்டரும் ஒரே நிலையில் இருந்தால்தான் அந்த வேலைக்குப் பொருள் உண்டு. ஒன்று சோர்ந்தும் ஒன்று திடமாகவும் இருக்கும்போது கார்ப்புத் திருகைத் திருகிச் சமன் செய்தால், சோர்வுக்கான காரணம் அப்படியே உள்ளே இருக்கும். வெளியே சத்தம் மட்டும் சில நாள் ஒழுங்காக இருக்கும்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் ராஜ்தூத் பெயரில் இங்கே கொண்டுவந்தது. 347 சி.சி., இரட்டை சிலிண்டர், காற்றில் குளிரும் டூ-ஸ்ட்ரோக். போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 64 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 54 மி.மீ. ஆறு கியர். ஹெச்.டி. என்று அழைக்கப்பட்டது 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்த எல்.டி. 27. புல்லட், ஜாவா, எஸ்டி எல்லாம் ஒற்றை சிலிண்டரில் ஓடிய சாலையில் இரண்டு சிலிண்டர், இரண்டு கார்ப்பு, பிளக்கில் பொறி வரவைக்கும் பாயிண்ட் இரண்டு செட், கலவையை உள்ளே மட்டும் விடும் ரீட் வால்வு, தானாக எண்ணெய் ஊற்றும் பம்ப் என்று வந்து நின்ற வண்டி இது. ஒரு கார்ப்பை ஒரு ஸ்க்ரூடிரைவரில் டியூன் செய்து பழகிய கைகளுக்கு அது புதிது. இன்று வரைக்கும் இந்த வண்டிகள் படும் பாட்டில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதன் கிராங்க் 180 டிகிரி. ஒரு பிஸ்டன் மேலே இருக்கும்போது மற்றது கீழே. டூ-ஸ்ட்ரோக் என்பதால் அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்று சீராக வரும். அதனாலேயே ஒரு பக்கம் சோர்ந்தால் கை உடனே உணரும்: ஐடிலிங்கில் ஒன்று விட்டு ஒன்று அடிக்கும் நொண்டித் தாளம்.

எதையும் தொடுவதற்கு முன், வண்டி வந்த நிலையில் கார்ப்பு இரண்டும் எப்படி வைக்கப்பட்டிருந்தன என்று எழுதி வைத்தோம். இந்தப் பழக்கம் பல பட்டறைகளில் இல்லை. முன்பு வேலை பார்த்தவர் எந்தக் குறையை எதிர்த்துப் போராடினார் என்பது திருகுகளின் நிலையில் தெரிந்துவிடும். வலது கார்ப்பில் ஏர் ஸ்க்ரூ ஒன்றரைச் சுற்று வெளியே, நீடில் (ஸ்லைடோடு ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கும் ஊசி) கிளிப் நடுப் பள்ளத்தில். எல்லாம் சாதாரணம். இடது கார்ப்பில் ஏர் ஸ்க்ரூ ஏறக்குறைய முழுக்க உள்ளே. நீடில் கிளிப் ஒரு பள்ளம் கீழே, அதாவது நீடில் ஒரு படி மேலே தூக்கப்பட்டிருக்கிறது. மெயின் ஜெட் வலதைவிட ஒரு எண் பெரியது. கைப்பிடியை முறுக்கினால் எழுந்து காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடைத் தாங்கும் ஐடில் ஸ்க்ரூ நிறைய உள்ளே முறுக்கி, இடது ஸ்லைடு கண்ணுக்குத் தெரியும் அளவு உயர்ந்து நின்றது.

மிக்குனி கார்ப்பில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே முறுக்கினால் காற்று குறைந்து கலவை ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் பங்கு கூடும். நீடிலைத் தூக்கினால் நடு வேகத்தில் ரிச். பெரிய மெயின் ஜெட் முழு வேகத்தில் ரிச். மூன்று வேலையும் மூன்று இடத்தில், ஆனால் ஒரே திசையில். இடது சிலிண்டருக்குப் பெட்ரோல் போதவில்லை என்று ஒவ்வொருவரும் கண்டிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டியிருக்கிறார்கள். ஒரே வண்டியில் ஒரே மாதிரிக் கார்ப்பு இரண்டில், ஒன்றுக்கு மட்டும் ஏன் எல்லா நிலையிலும் போதாமல் போகிறது என்ற கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. ஒரு ஜெட் அடைத்திருந்தால் அதன் வேகத்தில் மட்டும்தான் குறை தெரியும். எல்லா வேகத்திலும் லீன் (பெட்ரோல் குறைவு, காற்று அதிகம்) என்றால், கார்ப்புக்கு அப்பால் எங்கோ கணக்கில் வராத காற்று உள்ளே வருகிறது என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

ஐடிலிங்குக்காக இடது ஸ்லைடைத் தூக்கியதுதான் மெதுவாகப் போகும்போது வரும் உதறலுக்குக் காரணம். கை முறுக்கும்போது இடது ஏற்கெனவே திறந்திருக்கிறது, வலது அப்போதுதான் எழுகிறது. கால் பங்குத் திறப்புக்குள் இந்த வித்தியாசம் பெரிது. முழுக்கத் திறந்தபின் அது ஒன்றுமில்லாமல் போய்விடும். அதனால்தான் நெடுஞ்சாலையில் வண்டி நன்றாக ஓடுவதுபோல இருந்தது.

பிளக்கைக் கழற்றினோம். வலது காப்பிக்கொட்டை நிறம். இடது, இவ்வளவு பெட்ரோல் கூட்டியும், வெளுத்து இருந்தது, அதாவது இன்னும் லீன்.

கம்ப்ரஷன் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் சரியாகப் பார்க்காவிட்டால் அதன் எண்ணுக்கு மதிப்பில்லை. என்ஜின் சூடாக இருக்க வேண்டும். இரண்டு பிளக்கும் வெளியே வர வேண்டும், கிக் எளிதாக, ஒரே வேகத்தில் விழும். கழற்றிய பிளக்குகளை மூடியோடு சேர்த்து சிலிண்டர் ஹெட்டில் எர்த் ஆகும்படி வைக்க வேண்டும். ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்லைடு மூடியிருந்தால் உள்ளே போகவே காற்றில்லை, நல்ல என்ஜினும் செத்த என்ஜின்போலக் காட்டும். முள் இனி ஏறாது என்கிற வரைக்கும் உதைக்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில்.

வலது 121 பி.எஸ்.ஐ. இடது 92.

டூ-ஸ்ட்ரோக்கில் இந்த எண்ணைத் தனியாக எடுத்துக்கொண்டு நல்லது கெட்டது சொல்வதை நான் நம்புவதில்லை. கேஜுக்குக் கேஜ் மாறும். கேஜின் குழாய் நீளமாக இருந்தால் குறைத்துக் காட்டும். மலைமேல் அளந்தால் இன்னும் குறையும். ஊட்டியில் இருக்கும் வண்டியும் கோவையில் இருக்கும் வண்டியும் ஒரே எண் காட்டாது. ஒரே கேஜ், ஒரே நேரம், ஒரே கால், இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் எவ்வளவு வித்தியாசம் என்பதே நம்பத் தகுந்தது. பத்து சதவீதத்துக்குள் இருந்தால் தொடர்ந்து கார்ப்பு வேலை பார்க்கலாம். இங்கே ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போயிருக்கிறது. இந்த நிலையில் சிங்க் செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

அடுத்து, இடது சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியே சில சொட்டு எண்ணெய் விட்டு மறுபடி அளந்தோம். 112-க்கு ஏறியது. எண்ணெய் பிஸ்டன் ரிங்கைச் சுற்றி நின்று இடைவெளியை அடைத்திருக்கிறது, ஆகவே கசிவு ரிங்கிலோ போரிலோதான், ஹெட் கேஸ்கெட்டில் இல்லை. எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்த என்ஜினின் எரியறை சின்னது. எண்ணெயே இடத்தை அடைத்துக்கொண்டு அழுத்தத்தை ஏற்றிக் காட்டிவிடும். சில சொட்டு போதும்.

பெரும்பாலான பட்டறைகளில் இத்தோடு முடிவு எழுதிவிடுவார்கள்: ரிங் போயிருக்கிறது, ரீபோர் செய்து (சிலிண்டரை உள்ளே கொஞ்சம் பெரிதாகக் கடைந்து) புது பிஸ்டன் போடு. அப்படிச் செய்திருந்தால் இந்த வண்டி ஒரே வருடத்தில் மறுபடி அதே 92-க்கு வந்திருக்கும்.

டூ-ஸ்ட்ரோக்கில் அழுத்தம் இரண்டு இடத்தில் நடக்கிறது. பிஸ்டனுக்கு மேலே ஒன்று, அதைத்தான் கேஜ் அளக்கிறது. பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் கேஸுக்குள் இன்னொன்று. பிஸ்டன் மேலே போகும்போது கேஸுக்குள் கலவையை உறிஞ்சுகிறது, கீழே வரும்போது அதை அழுத்தி மேலே தள்ளுகிறது. அதனால் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருந்தாக வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க் ஆயில் சீல் போனால் எண்ணெய் ஒழுகும், அவ்வளவுதான். இங்கே சீல் போனால் கலவையே கெடும். இடது பக்க சீலுக்கு வெளியே மேக்னெட்டும் பாயிண்ட்டும் இருக்கும் காய்ந்த இடம். அந்த சீல் தளர்ந்தால் வெறும் காற்று உள்ளே போகும். வலது பக்கம் கிளட்ச், கியர் எண்ணெய். அந்த சீல் தளர்ந்தால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டு, வலது சைலன்சர் மட்டும் அடர்த்தியாகப் புகை விடும், பிளக் ஈரமாகும். எந்தப் பக்கம் என்ன குறை என்பதை வைத்தே எந்த சீல் என்று ஊகிக்கலாம். நம் வண்டியில் இடது லீன். கை விட்ட பிறகும் சத்தம் இறங்காமல் நிற்பதும் காற்றுக் கசிவின் அடையாளம்தான்: ஸ்லைடு மூடி பெட்ரோல் நின்றபிறகும் காற்று வந்துகொண்டே இருக்கிறது.

ஊகத்தை நிரூபிக்க, கேஸுக்குள் காற்றடைத்து எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இதற்கென்று விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் பழைய கருவியின் ரப்பர் பல்பும் வட்ட மீட்டரும் போதும். அதில் 250 (மி.மீ. பாதரசம்) என்பது 5 பி.எஸ்.ஐ.க்குச் சற்றுக் குறைவு, இந்தச் சோதனைக்குச் சரியான அளவு. அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், நல்ல சீலையும் கெடுத்துவிடும்.

சைலன்சர், கார்ப்பு எல்லாவற்றையும் இறக்கி, எக்ஸாஸ்ட் வாய் இரண்டையும் ரப்பர் வைத்துத் தகடு போட்டு இறுக்கினோம். இன்டேக் இரண்டிலும் ரப்பர் அடைப்பு. இங்கே இரண்டு விஷயத்தைக் கவனிக்காவிட்டால் சோதனையே பொய் சொல்லும்.

முதலாவது, இரண்டு பக்கத்தையும் அடைத்தாக வேண்டும். இந்தக் கிராங்கின் நடுவில், இரண்டு அறைக்கும் இடையே இருப்பது ரப்பர் சீல் அல்ல, உலோகத்தில் பள்ளம் பள்ளமாக வெட்டிய லேபிரிந்த் சீல். ஓடும்போது அது போதும், நின்ற நிலையில் காற்று மெதுவாக அடுத்த பக்கம் போய்விடும். ஒரு பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டு, காற்று நிற்கவில்லை என்று என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு.

இரண்டாவது, காற்றை இன்டேக் வழியே அடைப்பதானால் ரீட் வால்வைக் கழற்றிவிட வேண்டும். ரீட் உள்பக்கம் மட்டுமே திறக்கும். காற்று உள்ளே போய், கேஸிலிருந்து வெளியேறிக்கொண்டிருந்தாலும், ரீட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மீட்டருக்கு அது உடனே தெரியாமல் போகலாம். பிளக் ஓட்டை வழியே, அந்தப் பக்கத்துப் பிஸ்டனை முழுக்கக் கீழே வைத்து அடைப்பது இன்னும் எளிது. கேஸிலிருந்து கலவை மேலே போகும் டிரான்ஸ்ஃபர் வழிகள் திறந்திருக்கும், மேலேயும் கீழேயும் ஒன்றாக நிரம்பும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

நல்ல என்ஜினில் நிமிடத்துக்கு 50-க்கு மேல் முள் இறங்கக் கூடாது. இங்கே 250-லிருந்து 100-க்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சோப்பு நீர் எடுத்து முதலில் சிலிண்டர் அடி பாக்கிங், இன்டேக் ரப்பர், கேஸ் இணைப்பு எல்லாவற்றிலும் தடவினோம். ஒன்றுமில்லை. இடது கவரைத் திறந்து மேக்னெட் ரோட்டரைக் கழற்றி, சீலைச் சுற்றித் தடவியதும் நுரை கட்டிக்கொண்டு வந்தது.

இப்போது கதை முழுதாகத் தெரிந்தது. வண்டி உரிமையாளரின் அப்பா ஓட்டியது. பல வருடம் வீட்டில் நின்றிருக்கிறது. ஓடாமல் நிற்கும் வண்டியில் சீலின் உதடு காய்ந்து இறுகும். திரும்பவும் ஓட்டத் தொடங்கியபின் இடது பக்கம் மெல்லக் காற்று வாங்க ஆரம்பித்திருக்கிறது. லீன் கலவை சூட்டைக் கூட்டும். சூடு கூடினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள எண்ணெய்ப் படலமும் மெலியும். இன்றைக்குப் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலும் இதற்குத் துணை போகிறது. எத்தனாலில் ஆக்ஸிஜன் சேர்ந்தே இருப்பதால், பழைய ஜெட் அளவில் கலவை இன்னும் கொஞ்சம் லீன் ஆகும். பழைய ரப்பர்களுக்கும் அது நல்லதல்ல.

கேட்டபிறகுதான் உரிமையாளர் இன்னொன்றைச் சொன்னார். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும்போது ஒரு முறை வண்டி தானாக நின்றுவிட்டதாம். கொஞ்ச நேரம் ஆறவிட்டு உதைத்ததும் கிளம்பிவிட்டதாம். ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை, இறக்கத்தில்தான் நின்றது என்பதால் பெட்ரோல் அடைப்பு என்று நினைத்துவிட்டார். உண்மையில் இது இந்த வகை என்ஜினுக்கே உரிய ஆபத்து. இதன் எண்ணெய் பம்ப் என்ஜின் வேகத்தையும் ஆக்சிலேட்டர் திறப்பையும் சேர்த்தே எண்ணெய் விடுகிறது. மலை இறங்கும்போது ஆக்சிலேட்டர் மூடியிருக்கிறது, கியரில் இருப்பதால் என்ஜினோ வேகமாகச் சுற்றுகிறது. பெட்ரோலும் இல்லை, எண்ணெயும் மிகக் குறைவு. நல்ல என்ஜின் இதைத் தாங்கும். இடது பக்கம் ஏற்கெனவே காற்று வாங்கிக்கொண்டிருந்தது, அதனால் தாங்கவில்லை. பிஸ்டன் ஒரு கணம் பிடித்து விட்டிருக்கிறது. பழைய ஆர்டி ஓட்டிகள் இறக்கத்தில் அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கி விடுவது இதற்காகத்தான்.

என்ஜினை இறக்கினோம். இந்த என்ஜினில் கேஸ் படுக்கைவாட்டில் இரண்டாகப் பிரியும். சீலை முறையாக மாற்ற கேஸைப் பிரிப்பதுதான் வழி. இடது சீலின் உதடு விரலால் வளைத்தால் வளையாமல் பிளாஸ்டிக்போல நின்றது. வலது சீல் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தது, ஆனால் அதுவும் அதே வயதுடையது. இரண்டையும் மாற்றினோம். கிராங்கை வி-பிளாக்கில் வைத்து டயல் கேஜில் ஆட்டம் பார்த்தோம், 0.02 மி.மீ. அதைத் தொட வேண்டியிருக்கவில்லை. பல பழைய ஆர்டி என்ஜின்களில் கிராங்கைப் பிரித்துச் சேர்த்தவரின் கைவேலை சரியில்லாமல் கிராங்க் கோணியிருக்கும். கோணிய கிராங்கில் எவ்வளவு நல்ல சீல் போட்டாலும் நிற்காது. அதனால் கேஸ் திறந்திருக்கும்போது இதைப் பார்க்காமல் விடவே கூடாது.

இடது பிஸ்டனில் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் நீளவாட்டில் உராய்ந்த தழும்பு. அலுமினியம் இழுபட்டு ரிங் பள்ளத்தின் மேல் ஏறி, மேல் ரிங்கை அந்த இடத்தில் இறுக்கியிருந்தது. ரிங்கைப் போருக்குள் விட்டு ஃபீலர் கேஜில் வாய் இடைவெளி பார்த்தால் 0.9 மி.மீ. அரை மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது. 92 பி.எஸ்.ஐ.க்கான விளக்கம் அங்கே கிடைத்தது.

ரீபோர் விஷயத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்தால் போதுமே என்று பணத்தை எண்ணிக் கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே ஓவர் சைஸுக்குப் போக வேண்டும் என்பதே என் கருத்து. பிஸ்டன் எடை, போர், ரிங் எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் பின்னால் செய்யப்போகும் சிங்க் வேலை நிற்கும். பிஸ்டனை முதலில் வாங்கி, அதை லேத் பட்டறையில் கையில் கொடுத்து, இந்தப் பிஸ்டனுக்கு இந்த சிலிண்டர் என்று அளந்து போர் செய்யச் சொல்ல வேண்டும். அட்டையில் போட்டிருக்கும் அளவை நம்பி போர் அடித்து வைத்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது. போர் ஆனபிறகு போர்ட்டுகளின் விளிம்பு கத்திபோலக் கூராக நிற்கும். அதை நுண் அரத்தால் மழுக்காவிட்டால் ரிங் அதில் சிக்கி உடையும். கோவையில் இதைச் சொல்லாமலே செய்து கொடுக்கும் லேத்காரர்கள் இருக்கிறார்கள். ஆனாலும் கையில் வாங்கியதும் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவது வழக்கம்.

எல்லாம் பூட்டியபின், சிலிண்டர் ஹெட் இறுக்கிய கையோடு, கார்ப்பு மாட்டும் முன், மறுபடி ரத்த அழுத்த மீட்டர். 250-ல் நிறுத்தியது மூன்று நிமிடம் கழித்து 230. இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் கார்ப்பு வேலைக்கு உட்கார மனம் வந்தது.

இடையில் பாயிண்ட். இரண்டு சிலிண்டருக்கும் தனித்தனி செட், தனித்தனி டைமிங். பிளக் ஓட்டையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு 2 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இடது பக்கம் அரை மி.மீ.க்கு மேல் அட்வான்ஸ் ஆகியிருந்தது, அதாவது பாயிண்ட் முன்னதாகவே திறந்தது. பிக்கப் கிடைக்கும் என்று யாரோ நகர்த்தியது, அதுவும் சூட்டைக் கூட்டியிருக்கும். கார்ப்பு சிங்க் செய்யும் முன் இதைச் சரிசெய்யாவிட்டால், டைமிங் வித்தியாசத்தைக் காற்றால் ஈடுகட்டும் வேலையாகிவிடும்.

இனி கார்ப்பு. முதல் வேலை இரண்டையும் ஒன்றாக்குவது. மெயின் ஜெட், பைலட் ஜெட், நீடில், ஸ்லைடின் வெட்டு எல்லாம் எண் பார்த்து இரண்டிலும் ஒரே மாதிரி. ஃப்ளோட் உயரம் இரண்டிலும் ஒரே அளவு. இடது பக்கத்துப் பெரிய மெயின் ஜெட்டை எடுத்துவிட்டோம். நீடில் கிளிப் இரண்டும் நடுப் பள்ளத்துக்கு.

நான்கு சிலிண்டர் ஹோண்டா போன்ற வண்டிகளில் சிங்க் என்றாலே வெற்றிட மீட்டர்கள் வரிசையாகத் தொங்கும். அங்கே இன்டேக்கில் சீரான வெற்றிடம் கிடைக்கிறது, அதை எடுக்க துளையும் வைத்திருக்கிறார்கள். கிராங்க் கேஸ் வழியே மூச்சு விடும் டூ-ஸ்ட்ரோக்கில் அந்த வெற்றிடம் சிறிது, துடித்துக்கொண்டே இருக்கும். இதில் செய்ய வேண்டியது ஸ்லைடுகள் இரண்டும் ஒன்றாக எழுகின்றனவா என்று இயந்திர முறையில் சமன் செய்வதுதான். கண்ணும் விரலும் போதும், பொறுமை மட்டும் வேண்டும்.

கைப்பிடியிலிருந்து வரும் ஒரு கேபிள் டேங்க்குக்கு அடியில் மூன்றாகப் பிரிகிறது: இரண்டு கார்ப்புக்கு ஒவ்வொன்று, எண்ணெய் பம்புக்கு ஒன்று. ஐடில் ஸ்க்ரூ இரண்டையும் முழுக்கத் தளர்த்தி ஸ்லைடுகள் அடியில் உட்காரும்படி விட்டோம். பிறகு கார்ப்பு மூடியின் மேல் உள்ள அட்ஜஸ்டரில் இரண்டு கேபிளுக்கும் ஒரு மி.மீ. தளர்வு. ஏர் ஃபில்டர் பக்கம் திறந்து வைத்து, ஒரே அளவுள்ள இரண்டு டிரில் பிட்டை, மழமழப்பான தண்டுப் பக்கம் உள்ளே போகும்படி, ஒவ்வொரு ஸ்லைடுக்கு அடியிலும் ஒன்றாகச் செருகிப் பிடிக்க வைத்தோம். ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கைப்பிடியை மிக மெதுவாக முறுக்கினால், பிட் இரண்டும் ஒரே நேரத்தில் கீழே சாய வேண்டும். ஒன்று முந்தினால், முந்தும் பக்கத்துக் கேபிளைத் தளர்த்த வேண்டும். சாய்வது ஒன்றாகும் வரை இதையே செய்ய வேண்டும். பிறகு ஹேண்டில்பாரை இடதும் வலதும் முழுக்கத் திருப்பிப் பார்த்தோம். திருப்பும்போது ஒரு ஸ்லைடு மட்டும் எழுந்தால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று பொருள், அதன் பாதையை மாற்ற வேண்டும். முழுக்க முறுக்கினால் இரண்டு ஸ்லைடும் வாயை விட்டு முழுசாக மேலே போகிறதா என்பதையும் பார்த்துக்கொண்டோம்.

ஐடில் ஸ்க்ரூக்களை ஸ்லைடைத் தொடும் இடத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ஒரே அளவு சுற்று உள்ளே. ஏர் ஸ்க்ரூ இரண்டும் ஒன்றரைச் சுற்று. வண்டியைக் கிளப்பி நன்றாகச் சூடேற்றிய பின், ஒரு பக்கத்துப் பிளக் மூடியைக் கழற்றி, அதில் உபரி பிளக் ஒன்றைப் பொருத்தி எர்த் செய்து, ஒற்றை சிலிண்டரில் ஓடவிட்டு, அணையாமல் தாக்குப் பிடிக்கும் அளவுக்கு அதன் ஐடில் ஸ்க்ரூவைத் திருத்தினோம். அதேபோல அடுத்த பக்கம். தனித்தனியாக ஒரே வேகத்தில் ஓடும் இரண்டையும் சேர்த்ததும் ஐடிலிங் எகிறும். அப்போது இரண்டு ஸ்க்ரூவையும் ஒரே அளவில் வெளியே எடுத்து இறக்கினால் முடிந்தது. இந்த இடத்தில் ஒன்றை மட்டும் தொட்டால் செய்ததெல்லாம் வீண். சைலன்சர் இரண்டின் வாயிலும் உள்ளங்கையை வைத்தால் அடிப்பது ஒன்றாக இருந்தது. கை முறுக்கி விட்டதும் சத்தம் உடனே இறங்கியது.

கடைசியாக எண்ணெய் பம்ப். ஸ்லைடு கேபிளைத் தொட்ட எவரும் பம்ப் கேபிளையும் பார்த்தாக வேண்டும். அட்ஜஸ்டரைத் திருகும்போது இரண்டுக்கும் உள்ள உறவு மாறியிருக்கும். பம்ப் புல்லியில் உள்ள குறி அதன் பின்னுக்கு நேரே வரும்படி கேபிளை வைத்து, குறைந்தபட்ச ஸ்ட்ரோக் 0.20-லிருந்து 0.25 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று ஃபீலர் கேஜில் பார்த்தோம். சிங்க் செய்து கொடுத்த வண்டி மறு மாதம் ஜாம் ஆகி வருவதற்கு இந்த ஒரு வேலை விட்டுப்போனது காரணமாக இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

புது பிஸ்டன் பழகும்வரை மெதுவாக ஓட்டும் ரன்னிங்-இன் முடிந்து வண்டி திரும்பி வந்தபோது மறுபடி கேஜ் போட்டோம். வலது 128, இடது 122. முழுச் சமம் இல்லை. புது போர், புது ரிங், இறுகிய கேஸ், பிறகும் ஏன் 6 பி.எஸ்.ஐ. குறைவு என்று தேடினோம். ஹெட் கேஸ்கெட் சரி. வெர்னியரை எடுத்து எக்ஸாஸ்ட் போர்ட்டின் மேல் விளிம்பு சிலிண்டர் உச்சியிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தால், இடது பக்கத்தது சற்று மேலே இருந்தது. விளிம்பில் பழைய அரத்தின் தடம். எப்போதோ யாரோ வேகத்துக்காகப் போர்ட்டிங் செய்திருக்கிறார்கள், அதுவும் ஒரு சிலிண்டரில் கூடுதலாக. எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகுதான் அழுத்தம் தொடங்குகிறது. போர்ட் உயர்ந்தால் அழுத்தம் தொடங்குவது தாமதமாகும், கேஜில் எண் குறையும். இது கசிவு அல்ல, சிலிண்டரின் வடிவம். வித்தியாசம் ஐந்து சதவீதத்துக்குள்தான். இதற்காக வலது போர்ட்டையும் அரத்தால் தேய்ப்பது, நன்றாக இருப்பதையும் கெடுப்பதாகும். அப்படியே விட்டோம். இந்த வண்டிக்கு இனி 128-ம் 122-ம்தான் சரியான எண்கள் என்று உரிமையாளரின் நோட்டில் எழுதிக் கொடுத்தோம். அடுத்து யார் அளந்தாலும் இடது 122-லிருந்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டுமே தவிர, வலதோடு ஒப்பிட்டுப் பதறக் கூடாது.

பிளக் இரண்டும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தன. புது கேபிள் இழுபட்டு நீண்டதில் பம்ப் குறி மட்டும் மயிரிழை விலகியிருந்தது. அதை இழுத்துச் சரிசெய்து, ஸ்லைடுக்கு அடியில் டிரில் பிட்டை மறுபடி வைத்துப் பார்த்து, கோத்தகிரி இறக்கத்தில் கிளட்சைப் பிடித்து முறுக்கி விடும் வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்து வண்டியை அனுப்பினோம்.